காற்றலை ஊர்கள் – 7: டம்பார்டன் பாலத்தருகே மூன்று கோபுரங்கள்

சென்ற வாரம் பிட்ஸ்பர்க்கில் இருந்தோம். 1920 நவம்பர் 2 இரவு, குடியரசுத் தலைவர் தேர்தல் முடிவுகளை வரவர வாசித்த கே.டி.கே.ஏ. நிலையத்தின் கதை அது. இந்த வாரம் அமெரிக்காவின் மேற்குக் கோடிக்குப் போகிறோம்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் தென்பகுதியைக் கடப்பதற்கு டம்பார்டன் பாலம் என்று ஒன்று இருக்கிறது. ஃப்ரீமாண்ட், நியூவார்க் பக்கம் குடியிருந்துகொண்டு மென்லோ பார்க், பாலோ ஆல்டோ பக்கம் கணினி வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் பலருக்கு அது அன்றாட வழி. பாலத்தின் கிழக்கு முனையில், சதுப்பு நிலத்துக்கு நடுவே, மூன்று உயரமான கோபுரங்கள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் உப்பளங்கள். தூத்துக்குடிக்காரர்களுக்குச் சட்டென்று ஊர் நினைவு வரும் நிலம் அது. அந்தக் கோபுரங்கள் கே.ஜி.ஓ. என்ற வானொலி நிலையத்துக்காக எழுந்தவை. 810 கிலோஹெர்ட்ஸ், 50 கிலோவாட். மத்திய அலையில் அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வலிமை அதுதான்.

நல்ல தரையை விட்டுவிட்டு உப்புச் சேற்றில் ஏன் கோபுரம் நட்டார்கள்? மத்திய அலை தரையை ஒட்டியே ஊர்ந்து போகும். காய்ந்த மண்ணும் பாறையும் அதைக் குடித்துவிடும்; உப்புநீர் ஊறிய மண் தாங்கி அனுப்பும். பகலில் விரிகுடாவைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் கே.ஜி.ஓ. தெளிவாகக் கேட்டதற்கு இந்தச் சேறும் ஒரு காரணம்.

இரவில் நடப்பது வேறு. பகலில் வெயிலால் வானத்தின் கீழடுக்கு ஒன்று மின்னேற்றம் பெற்று, மேலே போகும் மத்திய அலைகளை விழுங்கிவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அலைகள் அதற்கும் மேலுள்ள அயனமண்டலத்தைத் தொட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இறங்கும். கே.ஜி.ஓ.வுக்கு இதில் ஒரு கட்டுப்பாடும் இருந்தது. இதே 810-ல் நாட்டின் கிழக்கே, நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், டபிள்யூ.ஜி.ஒய். என்ற நிலையம் ஒலிபரப்பியது. அதனோடு மோதாமல் இருக்க, மூன்று கோபுரங்களையும் இணைத்து, கிழக்கே போகும் அலையை அடக்கி, வடக்கும் தெற்குமாகத் திருப்பிவிட்டார்கள். ஆகவே இருட்டிய பிறகு கனடா எல்லையிலிருந்து மெக்சிகோ எல்லை வரை, பசிபிக் கரையோரம் முழுக்க ஒரே நீள்கோடாகக் கே.ஜி.ஓ. கேட்டது. நள்ளிரவில் ஆரிகன் மலைப்பாதையில் லாரி ஓட்டுபவரும் சான் பிரான்சிஸ்கோ மேயரைப் பற்றி நடக்கும் சண்டையைக் கேட்டுக்கொண்டே போகலாம்.

இரண்டு நிலையங்களும் ஒரே தாயின் பிள்ளைகள். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1922-ல் ஸ்கெனெக்டடியிலும் 1924-ல் ஓக்லண்டிலும் டென்வரிலுமாக மூன்று நிலையங்களைத் தொடங்கியது. ஓக்லண்டில் அந்த நிறுவனத்துக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. அந்த வளாகத்திலிருந்து 1924 ஜனவரி 8 அன்று கே.ஜி.ஓ. முதன்முதலாகப் பேசியது. அப்போது அதன் வலிமை ஒரே ஒரு கிலோவாட். வானொலிப் பெட்டிக்கான கருவிகளை விற்கிற நிறுவனம், பெட்டியில் கேட்க ஏதாவது வேண்டுமே என்று நிலையம் நடத்திய காலம் அது.

தொடக்க ஆண்டுகளின் நிகழ்ச்சிகளில் நான் முக்கியமாகக் கருதுவது நாடகம். வில்டா வில்சன் சர்ச் என்ற பெண்மணி 1924-லேயே கே.ஜி.ஓ. நாடகக் குழுவை நடத்தினார். மேடை நடிகர் கண்ணால் பேசுவதைக் குரலால் பேச வைப்பது எப்படி, மைக்கிலிருந்து எவ்வளவு விலகி நின்றால் ஒருவர் அறைக்கு வெளியே போனதுபோல் கேட்கும் என்பதையெல்லாம் செய்து பார்த்தே கற்க வேண்டியிருந்தது. முன்மாதிரி என்று காட்ட எதுவும் கிடையாது. வானொலி நாடகத்தின் முன்னோடிகளில் அவர் ஒருவர். அவர் பெயர் இன்று அவருடைய ஊரிலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

அடுத்த இருபது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1920-களின் இறுதியில் நிலையம் என்.பி.சி. வலையமைப்பின் கைக்குப் போனது. ஒரே நிறுவனம் இரண்டு வலையமைப்புகளை வைத்திருக்கக் கூடாது என்று அரசு ஆணையம் பிடிவாதமாக நின்றது. உச்ச நீதிமன்றமும் 1943-ல் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. என்.பி.சி. தன் ‘புளூ’ வலையமைப்பை எட்டு மில்லியன் டாலருக்கு விற்றது. வாங்கியவர் எட்வர்ட் நோபிள், லைஃப் சேவர்ஸ் மிட்டாயால் பணம் சேர்த்தவர். அந்த வலையமைப்புதான் பிறகு ஏ.பி.சி. ஆனது. கே.ஜி.ஓ.வும் அதனோடு போனது. 1947-ல் டம்பார்டன் பாலத்தருகே புதிய கோபுரங்களும் 50 கிலோவாட் வலிமையும் வந்தன.

அதற்குப் பிறகு வந்தது சோதனைக் காலம். 1949-ல் இதே நிறுவனம் கே.ஜி.ஓ. தொலைக்காட்சியைத் தொடங்கியது. வானொலித் தொடர்நாடகங்களும் நகைச்சுவைக் கலைஞர்களும் ஒவ்வொருவராகப் படப்பெட்டிக்குக் குடிபெயர்ந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் டிரான்சிஸ்டரைக் காதில் வைத்துக்கொண்டு ராக் பாட்டு போடும் நிலையங்களுக்குத் தாவினார்கள். மாலை முழுக்க நாடகமும் இசைக்குழுவும் நிரப்பிய நேரத்தை இனி எதை வைத்து நிரப்புவது? நாட்டின் பெரிய நிலையங்கள் எல்லாவற்றுக்கும் வந்த கேள்வி இது. இதே ஏ.பி.சி.யின் நியூயார்க், சிகாகோ நிலையங்கள் பாட்டைப் பிடித்துக்கொண்டு பெரும் வெற்றி கண்டன. லாஸ் ஏஞ்சலிஸின் கே.ஏ.பி.சி. 1960-ல் பேச்சைப் பிடித்தது. சான் பிரான்சிஸ்கோவும் அந்த வழியில் நடந்தது.

அங்கே பேச்சுக்கு ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது. நார்த் பீச் பகுதியில் ‘ஹங்ரி ஐ’ என்ற இரவு விடுதி. என்ரிகோ பண்டூச்சி என்பவர் நடத்தியது. செங்கல் சுவரைப் பின்னால் வைத்துக்கொண்டு, கையில் செய்தித்தாளோடு நின்று அரசியலைக் கிழித்த மார்ட் சால் போன்றவர்கள் பெயர் பெற்ற மேடை. 1960-களில் கே.ஜி.ஓ. தன் இரவுப் பேச்சு நிகழ்ச்சியை அந்த விடுதியிலிருந்தே ஒலிபரப்பியது. முதலில் லெஸ் கிரேன். அவர் தேசியத் தொலைக்காட்சிக்குப் போன பிறகு ஐரா புளூ. ஊருக்கு வந்த எழுத்தாளரும் பாடகரும் அரசியல்வாதியும் அந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஊர் தொலைபேசியில் அவர்களோடு பேசியது.

1963-ல் நிகழ்ச்சிப் பொறுப்பாளராக வந்த ஜிம் டன்பார் இதை முழுநேர வழக்கமாக்கினார். காலையும் மாலையும் ஜனங்கள் காரில் போகிற நேரம் செய்தி. மற்ற நேரம் பேச்சு. பின்னர் அவரே காலைச் செய்தியின் குரலாக மாறி, 2000-ல் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் இருந்தார். அவருக்குத் தொலைக்காட்சியிலும் ஒரு காலை நிகழ்ச்சி இருந்தது. சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலைகாரன் அந்தப் பகுதியை நடுங்க வைத்த 1969-ல், அக்டோபர் 22 அன்று, புகழ்பெற்ற வழக்கறிஞர் மெல்வின் பெல்லி அந்நிகழ்ச்சியில் உட்கார்ந்திருக்க, தானே சோடியாக் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் மீண்டும் மீண்டும் தொலைபேசியில் வந்தான். பேசியது நாபா அரசு மனநல மருத்துவமனையில் இருந்த ஒரு நோயாளி என்று போலீசார் பின்னர் கண்டறிந்தார்கள். ஒரு கொலைகாரனை நகரம் நேரடி ஒலிபரப்பில் எதிர்பார்த்துக் காத்திருந்தது என்பதே, அந்த ஊரில் ஒலிபரப்பும் தொலைபேசியும் எவ்வளவு ஒட்டிப் போயிருந்தன என்பதைச் சொல்லிவிடும்.

அழைப்பு நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். தொகுப்பாளர் ஒரு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம். தயாரிப்பாளரும் ஒலிப்பதிவுப் பொறியாளரும் அந்தப் பக்கம். அழைப்பு வந்தால் முதலில் எடுப்பவர் தயாரிப்பாளர். பெயர் என்ன, எந்த ஊர், என்ன சொல்லப் போகிறீர்கள் என்ற மூன்றையும் கேட்பார். குடித்திருக்கிறாரா, எழுதிவைத்து வாசிக்கிறாரா, முந்தாநாள் பேசியவரேதானா என்று குரலை வைத்தே எடைபோடுவார். தேறியவரின் பெயர், ஊர், ஒரு வரிச் சுருக்கம் தொகுப்பாளரின் கண்ணுக்குப் போகும். முன்பு துண்டுச் சீட்டாக, பின்னாளில் கணினித் திரையில். நாலைந்து பேர் காத்திருந்தால் அடுத்து யாரை எடுப்பது என்பதில்தான் நிகழ்ச்சியின் உயிர் இருக்கிறது. தன்னோடு ஒத்துப்போகிறவரையே வரிசையாக எடுக்கும் தொகுப்பாளர் பத்து நிமிடத்தில் சலிப்பைக் கொண்டுவந்துவிடுவார். எதிர்த்துப் பேசுகிறவரை முதலில் எடுத்தால்தான் மற்றவர்கள் தொலைபேசியைத் தேடி ஓடுவார்கள்.

அழைப்பவர் வாயில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகப் பிறந்தது ஏழு நொடித் தாமதம். அந்தக் காலத்தில் அதைச் செய்தது வெறும் ஒலிநாடா. ஒரு கருவி பதிவு செய்யும். அதே நாடா கொஞ்ச தூரம் ஓடி இன்னொரு கருவிக்குப் போய் அங்கே ஒலிக்கும். நாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடுமென்றால், இரண்டுக்கும் நடுவே ஐம்பத்திரண்டரை அங்குல நாடாவை இழுத்துக் கட்டினால் ஏழு நொடி கிடைக்கும். அந்த நாலரை அடி நாடாவுக்குள் கெட்ட வார்த்தையோ அவதூறோ இருந்தால், வெளியே போகுமுன் பொறியாளர் பொத்தானை அழுத்தி வெட்டிவிடுவார். அழைப்பவர் தன் வீட்டு வானொலியைச் சத்தமாக வைத்திருந்தால், ஏழு நொடிக்கு முன் தான் சொன்னதே காதில் விழுந்து தடுமாறிப் போவார். ‘ரேடியோ வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்குங்க’ என்று நம் பண்பலைத் தொகுப்பாளர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உலகெங்கும் நேயர் கேட்கும் முதல் வாக்கியம் அநேகமாக அதுதான்.

1975-ல் பொதுமேலாளர் பொறுப்புக்கு வந்த மிக்கி லக்காஃப் 2010 வரை அந்த நாற்காலியில் இருந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே நிலையத்தில் ஒரே மேலாளர் என்பது அமெரிக்க வானொலியில் அபூர்வம். உரிமையாளர்கள் மாறினார்கள்; ஏ.பி.சி.யை 1986-ல் கேப்பிடல் சிட்டீஸ் வாங்கியது, 1996-ல் டிஸ்னி வாங்கியது. லக்காஃப் இருந்தார். 1978-லிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விரிகுடாப் பகுதியில் அதிகம் பேர் கேட்ட நிலையம் கே.ஜி.ஓ.தான். பாட்டு நிலையங்கள் உட்பட எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ராக், டிஸ்கோ, ராப் என்று காலம் மாறிக்கொண்டே போக, பேச்சு மட்டும் முதலிடத்தில் நின்றது.

எதனால்? ஒரு நாளின் நிகழ்ச்சி வரிசையைப் பார்த்தால் புரியும். 2000-களின் தொடக்கத்தில் விடியற்காலை 5 முதல் 9 வரை செய்தி. 9 முதல் 12 வரை ரான் ஓவன்ஸ். 1975-லேயே அங்கு சேர்ந்தவர், நடுநிலையை விட்டு எந்தப் பக்கமும் முழுதாகச் சாயாதவர். மாலை 4 முதல் 7 வரை மறுபடி செய்தி. 7 முதல் 10 வரை ஜீன் பர்ன்ஸ். கனத்த, நிதானமான குரல். தனிமனிதச் சுதந்திரத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். 10-க்குப் பிறகு இடதுசாரிக் குரல். 1 மணியிலிருந்து 5 வரை ரே டாலிவர். அரசியலில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாதவர்கள் ஒரே நாளில் அடுத்தடுத்து வந்தார்கள். எல்லாரும் அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்தவர்கள். பாலத்தில் எங்கே நெரிசல், நகராட்சியில் யார் யாரோடு சண்டை, எந்தப் பள்ளியை மூடப் போகிறார்கள் என்பது அவர்களுடைய சொந்தக் கவலையும்கூட.

அரசியல் மட்டுமே பேசினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். டாக்டர் டீன் ஈடெல் கண் மருத்துவர், 1979-லிருந்து கே.ஜி.ஓ.வில் மருத்துவம் பேசினார். அவர் நிகழ்ச்சி பிறகு நாடு முழுக்கப் போனது. 2010 டிசம்பரில் ஓய்வு பெறும்வரை, அதிசய மருந்துகளையும் பயமுறுத்தும் வதந்திகளையும் ஆய்வுக் கட்டுரைகளைக் கையில் வைத்துக்கொண்டு உடைத்தார். வெட்கப்பட்டு யாரிடமும் கேட்க முடியாத சந்தேகங்களை முகம் தெரியாத தைரியத்தில் மக்கள் அவரிடம் கேட்டார்கள். வார இறுதி இரவுகளில் பில் வாட்டன்பர்க்; பெர்க்லியில் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவர். வானம் ஏன் நீலம், மின்மாற்றி ஏன் ரீங்காரமிடுகிறது என்று சிறுவர்கள் கேட்டாலும் நின்று பதில் சொல்வார். சனிக்கிழமைகளில் அதே ஜீன் பர்ன்ஸ் அரசியலைக் கழற்றி வைத்துவிட்டு உணவைப் பற்றிப் பேசினார். உயில் எழுதுவது, வாடகைத் தகராறு போன்ற சட்டச் சிக்கல்களுக்கு ஒரு வழக்கறிஞர் வந்தார். வீட்டுக்கு வழக்கறிஞரோ மருத்துவரோ வைத்துக்கொள்ள வசதியில்லாதவனுக்கு இந்த நிலையம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இவர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ரே டாலிவர். சான் பிரான்சிஸ்கோவின் ஹண்டர்ஸ் பாயின்ட்டில் வளர்ந்தவர். அமெரிக்காவின் பெருநகர நிலையங்களில் பேச்சு நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினத்தவர்களுள் ஒருவர். 1977-ல் கே.ஜி.ஓ.வுக்கு வந்து 2011 வரை இருந்தார். நிலையங்கள் பொதுவாகப் பழைய நிகழ்ச்சியை மறு ஒலிபரப்பிச் சமாளிக்கும் நேரம் அந்த ஒரு மணி முதல் ஐந்து மணி. அவர் அந்த நான்கு மணி நேரத்தை நேரலையாக, உரத்த குரலில், இடதுசாரிக் கோபத்தோடு நிரப்பினார். இரவுப் பணிச் செவிலியர், காவலாளி, ரொட்டிக் கடைக்காரர், தூக்கம் வராத முதியவர் ஆகியோரின் நேரம் அது. முன்னே சொன்ன அயனமண்டலக் கணக்கால் அவர் குரல் மிக அதிக தூரம் போன நேரமும் அதுவே. கரையோரத்தின் சிற்றூர்களில், கறுப்பினத்தவர் ஒருவரோடு ஒருமுறைகூட உட்கார்ந்து பேசியிராத மனிதர்கள், இருட்டில் தொலைபேசியை எடுத்து அவரோடு வாதிட்டார்கள். வானொலி செய்த காரியங்களிலேயே இதைப் பெரிய காரியமாக நான் நினைக்கிறேன்.

1989 அக்டோபர் 17 மாலை 5.04-க்கு லோமா பிரியெட்டா நிலநடுக்கம் வந்தது. ஓக்லண்டில் இரட்டை அடுக்கு நெடுஞ்சாலை ஒன்று சரிந்து 42 பேரை நசுக்கியது. பே பிரிட்ஜின் ஒரு பகுதி கீழே விழுந்தது. மின்சாரம் போய்விட்டது, தொலைக்காட்சிப் பெட்டி வெறும் மரப்பெட்டி ஆனது. சதுப்பு நிலத்தில் கே.ஜி.ஓ.வின் கோபுரங்களும் சேதமடைந்தன. அந்த இரவில் பேட்டரி வானொலியையும் கார் வானொலியையும் சுற்றி நின்ற ஜனங்கள் தேடியது பழகிய குரல்களைத்தான். எந்தப் பாலம் இருக்கிறது, எது இல்லை என்பதை நியூயார்க்கிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

இதே பத்தாண்டில்தான் பேச்சு வானொலியின் தேசிய முகம் மாறத் தொடங்கியது. சர்ச்சைக்குரிய விஷயங்களில் எதிர்த்தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற 1949-ஆம் ஆண்டு விதியை அரசு ஆணையம் 1987 ஆகஸ்டில் கைவிட்டது. பக்கத்து சாக்ரமென்டோவில் நான்கு ஆண்டுகள் பேசிப் பெயர் வாங்கிய ரஷ் லிம்பா, 1988-ல் நியூயார்க்கிலிருந்து நாடு முழுக்கப் பேசத் தொடங்கினார். செயற்கைக்கோள் வழியே ஒரே குரல் நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கு வந்து இறங்கியது. உள்ளூரில் தொகுப்பாளர், தயாரிப்பாளர், பொறியாளர் என்று சம்பளம் கொடுக்க வேண்டிய நேரத்தை, சில விளம்பர நிமிடங்களை விட்டுக்கொடுத்து நிரப்பிக்கொள்ளலாம் என்ற கணக்கு முதலாளிகளுக்குப் பிடித்துப் போனது. 1995-ல் கே.ஜி.ஓ.வின் சகோதர நிலையமான கே.எஸ்.எஃப்.ஓ. முழு வலதுசாரிப் பேச்சுக்கு மாறியது. கே.ஜி.ஓ. மட்டும் உள்ளூர் மனிதர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. லாபமும் நன்றாகவே வந்துகொண்டிருந்ததால் யாரும் கை வைக்கவில்லை.

கை வைக்கும் காலம் 2007-ல் வந்தது. டிஸ்னி தன் வானொலி நிலையங்களை சிட்டடெல் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பெரும் கடனோடு வாங்கிய சிட்டடெல் 2009-ல் திவால் மனு கொடுத்தது. அதற்கு நடுவே, 2008-ல், நேயர்களை எண்ணும் முறையும் மாறியது. அதுவரை, தேர்ந்தெடுத்த குடும்பங்கள் தாங்கள் கேட்டதை ஒரு சிறு நாட்குறிப்பில் கையால் எழுதி அனுப்பினார்கள். கே.ஜி.ஓ.வை உயிராக நினைத்தவர் காலை முதல் இரவு வரை அதன் பெயரையே எழுதினார். புதிய முறையில் இடுப்பில் செருகிக்கொள்ளும் கருவி ஒன்று வந்தது. ஒலிபரப்புக்குள் காதுக்குக் கேட்காத குறியீடு ஒன்றைப் புதைத்து வைப்பார்கள். கருவி அதைப் பிடித்துப் பதிவு செய்யும். பல் மருத்துவர் அறையிலும் துணிக்கடையிலும் பின்னணியில் ஓடும் பாட்டு நிலையமும் அதில் ‘கேட்டதாக’ கணக்கில் ஏறும். மனம் ஒன்றிக் கேட்பதற்கும் காதில் விழுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கருவி அறியாது. முப்பது ஆண்டு முதலிடம் போனது. விளம்பரதாரர்கள் 25 வயது முதல் 54 வயது வரை உள்ளவர்களையே தேடினார்கள், கே.ஜி.ஓ.வின் நேயர்களோ அதோடு சேர்ந்தே முதுமையடைந்தவர்கள்.

2010-ல் லக்காஃப் விலகினார். 2011 செப்டம்பரில் க்யூமுலஸ் என்ற நிறுவனம் சிட்டடெலையே விழுங்கியது. டிசம்பர் 1 அன்று ஜீன் பர்ன்ஸ், ரே டாலிவர், ஜான் ராத்மன், கில் கிராஸ் என்று ஒரே வீச்சில் வெளியே அனுப்பப்பட்டார்கள். ரான் ஓவன்ஸின் மூன்று மணி நேரம் மட்டும் தப்பியது. மற்ற நேரமெல்லாம் இடைவிடாத செய்தி என்று அறிவித்தார்கள். அந்த ஊரில் இடைவிடாத செய்திக்கு கே.சி.பி.எஸ். என்ற நிலையம் பல பத்தாண்டுகளாக வேரூன்றி இருந்தது. அதன் வேலையை அதைவிட நன்றாகச் செய்துவிட முடியும் என்று நினைத்தவர்கள் இந்த நேயர்களை அறியாதவர்கள் என்றே சொல்வேன். இருபது, முப்பது ஆண்டுகளாகத் தினமும் வீட்டுக்குள் வந்த குரல்கள், ஒரு விடைபெறும் நிகழ்ச்சிகூட இல்லாமல், ஒரு வியாழக்கிழமையில் இல்லாமல் போயின. கோபப்பட்ட நேயர்கள் போனது போனதுதான். கொஞ்ச காலத்தில் நிர்வாகம் மறுபடி பேச்சுக்குத் திரும்பியபோதும் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஜீன் பர்ன்ஸ் 2013-ல் காலமானார்.

2016 மார்ச் இறுதியில் இன்னொரு சுற்று ஆட்குறைப்பு. இம்முறை செய்திப் பிரிவுக்கு. 2017-ல் க்யூமுலஸும் திவால் நீதிமன்றப் படி ஏறியது. இத்தனைக்கும் நடுவே நிலையத்தை விட்டுக்கொடுக்காமல் உழைத்தவர்கள் இருந்தார்கள். வெளியே அனுப்பப்பட்ட ஜான் ராத்மன் திரும்பி வந்து, அமெரிக்க வரலாற்றை மனப்பாடமாகச் சொல்லும் தன் பழைய பாணியில் மாலை நேரத்தை நடத்தினார். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேயர்களுக்கு அந்த எண்ணில் பேச இன்னும் ஓர் ஆள் இருந்தது.

2022 அக்டோபர் 6, மறுபடியும் ஒரு வியாழக்கிழமை. மார்க் தாம்சனின் காலை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தபோதே நிறுத்தப்பட்டது. அதன் பிறகு பணத்தைப் பற்றியும் சூதாட்டத்தைப் பற்றியுமான பாடல்கள் ஓடத் தொடங்கின. அக்டோபர் 10 அன்று காரணம் வெளியே வந்தது: 810-ல் இனி விளையாட்டுப் பந்தயம் பற்றிய நிகழ்ச்சிகள் மட்டுமே, புதிய பெயர் ‘தி ஸ்ப்ரெட்’. நிலையத்தின் நூறாவது பிறந்தநாளுக்கு அப்போது பதினைந்து மாதங்கள் மிச்சம்.

கலிஃபோர்னியாவில் விளையாட்டுப் பந்தயம் அன்று சட்டபூர்வம் அல்ல. அதை அனுமதிக்கக் கேட்ட இரண்டு தீர்மானங்கள் நவம்பர் 8 அன்று மக்கள் வாக்கெடுப்புக்கு வரவிருந்தன. பந்தய நிறுவனங்களும் பழங்குடிச் சூதாட்ட விடுதிகளும் இரு தரப்பிலுமாக 400 மில்லியன் டாலருக்கு மேல் பிரசாரத்தில் இறைத்தன. மக்கள் இரண்டையும் தோற்கடித்தார்கள். இணையப் பந்தயத்தை அனுமதிக்கக் கோரிய 27-ஆம் எண் தீர்மானத்துக்கு எதிராக விழுந்தவை 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அப்படியொரு வாக்கெடுப்பு வந்தால் மாதக்கணக்கில் அதை அலசி, இரு தரப்பையும் நேயர்களோடு மோதவிட்டு, தீர்மானத்தின் ஒவ்வொரு பிரிவையும் பிய்த்துப் போட்டிருக்க வேண்டிய அலைவரிசை அது. வாக்குப்பதிவுக்கு ஒரு மாதம் இருக்கையில் அங்கே அழைத்துப் பேச எண் இல்லை.

அடுத்த வாரம் மிசிசிப்பி ஆற்றங்கரைக்குப் போகிறோம். செயின்ட் லூயிஸ் நகரின் கே.எம்.ஓ.எக்ஸ்., 1960 பிப்ரவரி 29 அன்று பிற்பகல் பாட்டுகளை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைத் திறந்துவிட்டது. கே.ஜி.ஓ. நடந்த பாதையில் அதற்கு முன்னால் நடந்த நிலையம் அது. ராபர்ட் ஹைலண்ட் என்ற மேலாளர் அந்த முடிவுக்கு எப்படி வந்தார் என்பதிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)